லூயி மன்னரின் மகள், அட்டை எண் 412

3 ஆகஸ்ட் 2023, வியாழன்

முழங்கால் வீக்கம். காலை நடை இல்லை. எரிவாயு உருளை மாற்றினேன். இருபத்தொன்பது நாள் வந்திருக்கிறது; போன முறை முப்பத்து நான்கு. கனகவல்லியிடம் சொன்னேன். "கட்டிக்கிட்டு வந்ததுலேர்ந்து சிலிண்டருக்குத் தேதி போடுறீங்க. ஒரு நாளாவது கொழம்பு நல்லாருந்துதுன்னு எழுதினீங்களா?" என்றாள்.

பதினொன்றரைக்குத் தொலைபேசி. சென்னையிலிருந்து அருந்ததி என்ற பெண். மும்பை ஏல நிறுவனம் ஒன்றில் ஓவியப் பிரிவைப் பார்க்கிறாளாம். நூலகத்தில் நான் வேலை பார்த்தபோது எழுதிய ஓர் அட்டையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றாள். எண் 412.

எண்ணைச் சொன்னதுமே வீடு நினைவுக்கு வந்துவிட்டது. ஆயிரத்து நூறு அட்டைகள் எழுதியிருக்கிறேன். வேறு எந்த எண்ணைச் சொன்னாலும் அப்படி வராது. வயதானால் நினைவு இப்படித்தான் ஒழுங்கில்லாமல் வேலை செய்யும் போலிருக்கிறது.

1978இல் எங்கள் நூலகம் புதுச்சேரி வீடுகளில் இருந்த பழைய படங்கள், மேசை நாற்காலிகள், கடிகாரங்கள் எல்லாவற்றையும் பதிவு செய்தது. வீடு வீடாகப் போனவன் நான். தெற்கு புல்வார் சாலைப் பக்கம் மதாம் பிலோமின் வீட்டுக் கூடத்தில் ஓர் எண்ணெய் வண்ணப் படம் இருந்தது. இடுப்பு வரை ஒரு பெண். மாவு தூவிய கொண்டை, நீல மேலங்கி, அங்கி முழுக்கப் பொன்னிற லில்லிப் பூக்கள். "பதினைந்தாம் லூயி மன்னரின் மகள் விக்துவார், பிரெஞ்சு, பதினெட்டாம் நூற்றாண்டு" என்று அட்டையில் எழுதினேன். அந்தப் படம் செப்டம்பர் 7 அன்று ஏலத்துக்கு வருகிறது. அட்டையில் எழுதியது சரிதான் என்று என் கையெழுத்துடன் ஒரு கடிதம் வேண்டுமாம்.

"உங்க அட்டை இல்லன்னா இவங்க வெறும் யாரோ ஒரு சீமாட்டி சார்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு ரத்த அழுத்தம் பார்த்தேன். 160/95.

5 ஆகஸ்ட், சனி

கண் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. கடைக்குப் போகவில்லை.

7 ஆகஸ்ட், திங்கள்

அருந்ததி நேரில் வந்தாள். முப்பது வயதிருக்கும். செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்தாள். அப்போதே மரியாதை வந்துவிட்டது. கையோடு கொண்டு வந்த பலகைக் கணினியில் என் அட்டையைக் காட்டினாள். கருப்பு மை, என் கையெழுத்து. அப்போது என் எழுத்து இவ்வளவு நன்றாக இருந்ததா?

அடுத்து, 1981இல் நூலகம் அச்சிட்ட பட்டியலின் முன்னுரையைக் காட்டினாள். அதையும் நான்தான் எழுதினேன். அவளே வாய்விட்டுப் படித்தாள்: "உறுதிப்பட்ட செய்திகள் மையாலும், ஐயத்துக்குரியவை பென்சிலாலும் அட்டைகளில் எழுதப்பட்டுள்ளன. மூல அட்டையைப் பார்ப்போர் இதைக் கருத்தில் கொள்க."

"யாரு சார் இவ்வளவு நேர்மையா வேலை பாக்குறாங்க இப்பல்லாம்? இந்த வரியை அப்படியே எங்க ஏலப் புத்தகத்துல போடப்போறோம். அட்டை மைல இருக்கு. அதுக்கு மேல என்ன வேணும்?"

எனக்குப் பிறகு இந்தப் படத்தைப் பற்றி எழுதிய இரண்டு பேரும் என் அட்டையைத்தான் ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள். நான் எதை ஆதாரமாகக் கொண்டேன் என்று இருவரும் கேட்கவில்லை.

கனகவல்லி சுண்டல் கொடுத்தாள். கடித மாதிரி ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் அந்தப் பெண். நான்கு வரி, கீழே கையெழுத்துக்குக் கோடு. 24ஆம் தேதிக்குள் வேண்டும். பழைய குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு அனுப்புவதாகச் சொன்னேன். குறிப்பேடு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. முழங்கால் காரணமாக இன்று ஏறவில்லை.

9 ஆகஸ்ட், புதன்

மதாம் பிலோமின் தொலைபேசியில் பேசினார். "மிசியே சிகாமணி, உசிரோட இருக்கீங்களா?" என்றார். முழுப்பெயர் தெய்வசிகாமணி என்று 1978இலேயே சொல்லியிருந்தேன். நாளை வரச் சொல்கிறார்.

சட்டை இஸ்திரி போட்டேன். எப்படியும் போட வேண்டியிருந்தது.

10 ஆகஸ்ட், வியாழன்

போய் வந்தேன். அவருக்கு எழுபத்தாறு. கைத்தடி ஊன்றி நடக்கிறார். குரல் அப்படியே இருக்கிறது. கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், இறந்து பன்னிரண்டு வருடம். பிள்ளைகள் இல்லை. வீட்டில் பாதி கணவரின் அண்ணன் மகன் திதியேவுக்கு. அவன் பிரான்சில் இருக்கிறான். இந்த மாத மத்தியில் ஒருவர் வந்து அறைகளை அளக்கப் போகிறாராம். ஹோட்டல் வைக்க.

"செப்டம்பர் முடியறதுக்குள்ள அவன் பங்கை நான் குடுத்துட்டா வீடு எனக்கு. இல்லன்னா ஹோட்டல்காரனுக்கு. திதியே நல்ல பையன்தான், தந்த்து தந்த்துன்னு உருகுவான். ஆனா கையெழுத்துப் போடறப்ப மட்டும் தந்த்து ஞாபகம் வராது" என்றார். சித்தியைப் பிரெஞ்சில் அப்படித்தான் கூப்பிடுவானாம்.

படம் மும்பைக்குப் போய்விட்டது. சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, செவ்வகமாக. அது நல்ல விலைக்குப் போனால் திதியேவின் பங்கைக் கொடுத்துவிடலாம். அவர் கணக்கு அவ்வளவுதான்.

"ராஜா வீட்டுப் பொண்ணு. கடைசி காலத்துல என்னைக் காப்பாத்தப்போறா பாருங்க."

காபி கொண்டு வந்து வைத்தார். பிறகு, ஒரு வேடிக்கை சொல்வதைப் போல, இதைச் சொன்னார். நான் கேட்கவில்லை.

"எங்க மாமியார் சொல்வாங்க. அந்தக் காலத்துல ஒரு பதினாலு ஜூலைக்கு, பிரெஞ்சுக்காரங்க பண்டிகைக்கு, குவர்னர் நம்ம வீட்டுக்கு வர்றதா இருந்துதாம். மாமனார் பாத்தாரு, படத்துல இருக்கிற அம்மா வெறும் நீலத் துணியைப் போத்திக்கிட்டு ஏழையாட்டம் இருக்காங்க. கோயில்ல சுரூபத்துக்கு வர்ணம் அடிக்கிற ஆளைக் கூட்டியாந்து, நல்லா ராஜ களையா இருக்கட்டும்னு பூப்பூவா எழுத வெச்சாராம். குவர்னர் வந்தாரு, பாத்தாரு, விழுந்து விழுந்து சிரிச்சாராம். ஏன் சிரிச்சாருன்னு மாமனாருக்குச் சாகற வரைக்கும் தெரியல. எனக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியுமா மிசியே?"

தெரியும். ஜூலை பதினான்கு, அரசரை ஒழித்த புரட்சியின் நாள். லில்லிப் பூ அந்த அரச குடும்பத்தின் சின்னம். குடியரசின் ஆளுநரை வரவேற்க மாமனார் படம் முழுக்க மன்னர் பூ எழுதி வைத்திருக்கிறார்.

"தெரியலைங்க" என்றேன்.

"நீங்க படிச்சவரு. அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். அவர் அதன் பொருளை யோசித்துச் சொன்னாரா, பேச்சுவாக்கில் சொன்னாரா என்று வழி முழுக்க யோசித்தேன். பூக்கள் போனால் மன்னர் மகள் இல்லை. அவருக்கு அது தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

11 ஆகஸ்ட், வெள்ளி

முக்காலி போட்டு ஏறினேன். கனகவல்லி கீழே பிடித்துக்கொண்டாள். குறிப்பேடு கிடைத்தது. 1978, மார்ச் 9: "412. துணியில் எண்ணெய் வண்ணம். மேலங்கியின் மஞ்சள், பழைய வெடிப்புகளுக்குள் இறங்கியுள்ளது. பூக்கள் வேறு கை, பிற்காலம்? முகமும் நீலமும் மூலம்."

ஆக, அன்றே கண்டுபிடித்திருக்கிறேன். வெடித்த வண்ணத்தின் மேல் புதிதாகத் தீட்டினால்தான் மஞ்சள் வெடிப்புக்குள் இறங்கும். பூவைத் தவிர மன்னர் மகள் என்பதற்கு என்னிடம் வேறு சான்று கிடையாது.

பிறகு ஏன் அட்டையில் அப்படி எழுதினேன்? பென்சிலால்தான் எழுதினேன். இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 412 ஒரு பென்சில் அட்டை.

மை எப்படி வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். 1986இல் அட்டைகளை நுண்படச் சுருளில் பதிவு செய்ய வந்தவர்கள், பென்சில் எழுத்து படத்தில் விழாது என்றார்கள். பென்சில் அட்டைகளின் மேல் மை ஓட்டும் வேலை எனக்கு வந்தது. இருநூற்றாறு அட்டைகள். ஒன்பது நாளில் முடித்தேன். ஒரு எழுத்து பிசகவில்லை, பாராட்டுகூட வந்தது. கேள்விக்குறி இருந்த இடத்தில் கேள்விக்குறிக்கும் மை ஓட்டினேன். ஆனால் பல அட்டைகளில் நான் கேள்விக்குறி போடவே இல்லை. பென்சிலே கேள்விக்குறிதானே என்று விட்டிருந்தேன்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ உறைத்தது: மை என்றால் உறுதி என்று முன்னுரையில் அச்சாகியிருக்கிறதே. இயக்குநரிடம் சொல்லி ஒரு திருத்தத் தாள் ஒட்டலாமா என்று கேட்க நினைத்தேன். அவர் அறை வாசலில் யாரோ நின்றிருந்தார்கள். மறுநாள் கேட்டுக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். முப்பத்தேழு வருடமாகிறது.

15 ஆகஸ்ட், செவ்வாய்

விடுமுறை. வரைவு ஒன்று: நான்கு பக்கம். ஏழு அடிக்குறிப்புகள். கிழித்துவிட்டேன்.

16 ஆகஸ்ட், புதன்

வரைவு இரண்டு. ஒரே வரி: "அட்டை எண் 412இல் உள்ள வாசகம் 1978இல் என்னால் எழுதப்பட்டது என்று உறுதி கூறுகிறேன்."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவர்களுக்கும் போதும். மதாம் வீட்டில் இருப்பார். மும்பையில் யாரோ ஒரு பணக்காரர் சுவரில் மன்னர் மகளை மாட்டிக்கொள்வார். யாருக்கு நட்டம்?

கனகவல்லியிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"எல்லாம் நெசந்தான். ஆனா படிச்சா பொய் மாதிரியே இருக்கே" என்றாள்.

18 ஆகஸ்ட், வெள்ளி

கனகவல்லியுடன் வாக்குவாதம். வாக்குவாதம் என்று சொல்லக்கூடாது, அவள் பேசினாள். மாத்திரை டப்பாவில் ஞாயிறு மாத்திரையைச் சனியில் போட்டுவிட்டேன் என்பதில் ஆரம்பித்தது.

"உங்க மனசே இங்க இல்ல. ஒண்ணு கேக்குறேன், கோவப்படாதீங்க. வேற யாரு வீட்டுப் படமாவது இருந்தா இப்படிப் பத்து நாளா அலைவீங்களா? அன்னைக்கே தப்புன்னு எழுதிப் போட்டிருக்க மாட்டீங்க?"

"வயசான அம்மா. வீடு போயிடும்" என்றேன்.

"அது சரி. நெறைய வயசான அம்மாங்களுக்கு வீடு போவுது. அன்னைக்கும் எல்லா வீட்டுக்கும் ஒரு தடவ போனீங்க. அந்த வீட்டுக்கு மூணு தடவ."

"அளவெடுக்க."

"ரெண்டடிப் படத்துக்கு?"

படம் இரண்டே முக்கால் அடி. சட்டத்தோடு மூன்றே கால். இதை அவளிடம் சொன்னேன். "ஆமா, பெரிய படம்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். கோபம் மாதிரித் தெரியவில்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு நானே யோசித்துப் பார்த்தேன். முதல் நாள் அளவு. இரண்டாம் நாள் பூதக்கண்ணாடி எடுத்துப் போனேன். மூன்றாம் நாள் எதற்குப் போனேன் என்று குறிப்பேட்டில் இல்லை. அன்று மதாம், "யாரு மிசியே இவங்க? எனக்குச் சொல்லிட்டுத்தான் போகணும்" என்று கேட்டார். யாரோ தெரியவில்லை என்று சொல்ல எனக்கு அப்போது மனம் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

21 ஆகஸ்ட், திங்கள்

வரைவு ஐந்து. ஒரு பக்கம். பூக்கள் பிற்காலச் சேர்க்கை என்பதை 1978இலேயே குறித்திருந்தேன். அட்டை முதலில் பென்சிலில் இருந்தது. மை ஓட்டியவன் நானே. முன்னுரையின் விதி 1986க்குப் பிறகு செல்லாது. படத்தில் இருப்பவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆளுநர் கதையை எழுதவில்லை. அது அவர்கள் வீட்டுக் கதை.

பதிவுத் தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் மதாமிடம் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன். அதுதான் முறை. அவர் தெரு முனை மருந்துக் கடை வரை போனேன். கண் சொட்டு மருந்து வாங்கினேன். வெயில் அதிகம். திரும்பித் தபால் நிலையத்துக்குப் போய்க் கடிதத்தைச் சேர்த்துவிட்டேன்.

24 ஆகஸ்ட், வியாழன்

அருந்ததி பேசினாள். கோபம் இல்லை, சோர்வு மட்டும். "உங்க கடிதம் வந்ததும் மும்பைல அல்ட்ரா வயலட் விளக்கு வெச்சுப் பாத்தாங்க சார். நீங்க சொன்னது சரி. பூ தனியா மிதக்குது, அடியில வெறும் நீலம். ஏலப் புத்தகத்துல அந்தப் பக்கத்தை மாத்தணும். பேரு போச்சுன்னா விலையும் போச்சு" என்றாள். பிறகு, "மதாமுக்கு நீங்க சொல்லிட்டீங்கல்ல சார்? இல்ல நான் பேசணுமா?"

"சொல்லிட்டேன்" என்றேன்.

இவ்வளவு நாள் பொய்க்குப் பயந்து ஐந்து வரைவு எழுதியவன், ஒரு நொடியில் இதைச் சொன்னேன்.

25 ஆகஸ்ட், வெள்ளி

10.10க்கு மதாம் எண்ணிலிருந்து அழைப்பு. எடுக்கவில்லை. 10.25க்கு மறுபடியும். 10.40க்கு மறுபடியும். கனகவல்லி சந்தைக்குப் போயிருந்தாள். தொலைபேசியின் மேல் துண்டைப் போட்டு வைத்தேன். துண்டுக்கு அடியிலும் ஒலி கேட்கத்தான் செய்தது.

26 ஆகஸ்ட், சனி

அழைப்பு இல்லை.

7 செப்டம்பர், வியாழன்

ஏலத்தைக் கைப்பேசியில் காட்டினார்கள். கனகவல்லி அதைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்தாள். அறுபத்து மூன்றாவதாக வந்தது. "அடையாளம் தெரியாத சீமாட்டி. மேலங்கியில் பிற்காலச் சேர்க்கை உண்டு." ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. எதிர்பார்த்ததில் எட்டில் ஒரு பங்கு.

"அவ்ளோதானா?" என்றாள் கனகவல்லி.

"அவ்வளவுதான்."

அந்த ஒன்றரை நிமிடமும் படத்தின் முகத்தைப் பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். களைத்த முகம். ஒரு கண் மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கிறது. மேல் உதட்டில் சிறு வடு. இத்தனையும் அன்று என் கண்ணில் படவே இல்லை. என் குறிப்பேட்டில் படத்தைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது. சட்டத்தின் ஆணிகளைக்கூட எண்ணியிருக்கிறேன். முகத்தைப் பற்றி, மூலம் என்பதற்கு மேல், ஒரு சொல் இல்லை.

12 செப்டம்பர், செவ்வாய்

உருளை மாற்றினேன். தேதி எழுத மறந்தேன்.

18 செப்டம்பர், திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. தெற்கு புல்வார் பக்கம் ஒரு பழைய வீட்டை ஹோட்டல்காரர் வாங்கிவிட்டதாகவும், அந்த அம்மா மாதக் கடைசியில் காரைக்காலுக்குத் தங்கை வீட்டுக்குப் போவதாகவும் பால்காரர் சொன்னார். எந்த வீடு என்று கனகவல்லி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

27 செப்டம்பர், புதன்

நூலகத்துக்குப் போய் 412ஐத் திருத்தச் சொல்லி மனு கொடுத்தேன். மீதி இருநூற்றைந்து அட்டைகளின் எண்களையும் இணைத்திருக்கிறேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். இதை இவ்வளவு சுலபமாகச் செய்ய முடியும் என்று தெரிந்திருந்தால். வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.

30 செப்டம்பர், சனி

காலையில் கனகவல்லி புதுப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்றேன். "நீங்க போக மாட்டீங்க. நானாவது போறேன்" என்றாள். தயிர்ச்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் எடுத்துக்கொண்டு போனாள், வழிக்கு. அவளும் மதாமும் இதுவரை சந்தித்ததே இல்லை.

மூன்றரைக்குத் திரும்பி வந்தாள். புடவையெல்லாம் தூசி. பாத்திரம் கட்ட உதவியிருக்கிறாள். விசிறிக்கு நேராக உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். நான் செய்தித்தாளை மடித்தேன்.

"நல்லா சிரிக்கச் சிரிக்கப் பேசுறாங்க" என்றாள். "நீங்க சொல்லவே இல்ல."

மடித்த செய்தித்தாளை மறுபடி விரித்தேன்.

"வீடு போனதுல கூட அவங்களுக்கு அவ்ளோ இல்ல. 'பூ பொய்யின்னா பொய்தானே. என் வாயால நானேதானே சொன்னேன். அவரு எழுதினது சரிதான்'னாங்க. 'ஆனா அந்தப் பொண்ணு ஃபோன்ல, சார் உங்ககிட்ட சொல்லிட்டாராமேன்னு சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. நான் அவமானத்துல, ஆமா சொன்னாருன்னு சொல்லிட்டேன்'னாங்க."

நான் சொன்ன பொய்யை அவர் தாங்கிப் பிடித்திருக்கிறார். நான் அதைச் சொன்ன மறுநாள்தான் அவர் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்.

"வேற என்ன சொன்னாங்க?"

"'முதல்ல எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம். நான் என்ன கடிச்சா வெச்சிருப்பேன்?'னாங்க."

அதற்கு நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"நான் என்ன சொல்றது? அம்பது வருஷமா எனக்கே அதான் கேள்வி." எழுந்து புடவையைத் தட்டினாள். "கார் அஞ்சு மணிக்கு. வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க. உள்ள உக்கார ஒண்ணும் இல்ல."

இப்போது நான்கு இருபது. நடந்தால் இருபத்தைந்து நிமிடம். இந்த முழங்காலுக்கு முப்பத்தைந்து. மூன்றே முக்காலிலிருந்து மேசையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவரிடம் என்ன சொல்வது என்று ஒரு வரைவு எழுதிக்கொண்டு போகலாமா என்று நினைத்தேன். கனகவல்லியிடம் குடை எங்கே என்று கேட்டேன்.

"மழையும் இல்ல, வெயிலும் இல்ல" என்றாள் அவள், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு. "போங்க."

போகிறேன்.